அனிபா சொல்லாத பெயர்

ஒலிவாங்கியை விரலால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் அனிபா பேசத் தொடங்குவாள். பிறகு தொண்டையைச் செருமுவாள். அதன் பிறகு நாரின் என்ற அந்த மலை நகரத்துப் பேருந்து நிலையத்தின் கடைசி மூலை வரை அவள் குரல் போகும்.

"கையொட்டி ஊற்றுக்குப் போற வண்டி கெளம்பப்போகுது. கையொட்டி ஊற்று. உக்காந்தவங்க எந்திரிங்க, எந்திரிச்சவங்க ஏறுங்க."

உள்ளூர்க்காரர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் மட்டும் கையிலிருக்கும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சீட்டில் தெமிர்-புலாக் என்றல்லவா அச்சிட்டிருக்கிறது? பக்கத்தில் இருப்பவர் அவர் தோளைத் தட்டி, "அதே ஊருதான், ஏறுங்க. அந்தம்மாவோட மாமனார் பேரு தெமிர்கான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. தெமிர் என்றால் இரும்பு, புலாக் என்றால் ஊற்று. ஆகவே இரும்புக்கு அனிபா தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். நாரின் குளிர்காலத்தில் ஈரக் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் இரும்பு அவளுக்குக் கையொட்டி. ஆணி குட்டிக் கையொட்டி. அடுப்பு கிளறும் கம்பி நெட்டைக் கையொட்டி.

கணவனின் அண்ணன் பெயரும் இப்படித்தான். அவர் ஜோல்தோஷ். ஜோல் என்றால் பாதை. வண்டி ஏறுகிறவர்களை "ஆக் ஜோல்", அதாவது வெள்ளைப் பாதை, என்று வாழ்த்தாமல் யாரும் அனுப்புவதில்லை. அறிவிப்பாளர் சொல்லாவிட்டால் பயணிகள் மனம் சுருங்கிப் போகும். அனிபா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். "வெள்ளையாப் போயிட்டு வெள்ளையா வாங்க" என்பாள். சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். வருடக்கணக்காக வெகு வடக்கே யாகூத்ஸ்க் நகரில் வேலை பார்க்கும் ஜோல்தோஷை அவள் குறிப்பிடுவது வடக்கத்தியார் என்று.

இந்தக் காலத்து மருமகள்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. தெமிர்கானே ஒருமுறை, "சொல்லிடும்மா. நீ சொன்னா என் பேரு தேஞ்சா போயிடும்?" என்று கேட்டிருக்கிறார். "உங்க பேரு தேயாது. என் வாய்தான் தேயும்" என்று சொல்லிவிட்டு அவள் மாவு பிசையப் போய்விட்டாள். அது பயம் இல்லை. கட்டாயமும் இல்லை. அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. தெமிர்கானுக்கும் பிடித்திருந்தது என்றுதான் அவள் கணவன் பெய்ஷென் நினைக்கிறான். சொற்களைச் சுற்றி வளைத்து அவள் பேசும்போதெல்லாம் கிழவர் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பை மறைப்பார்.

அவர் இறந்த பிறகும் அனிபா பழக்கத்தை விடவில்லை.

பெய்ஷென் வாடகை வேன் ஓட்டுகிறான். மனைவியின் குரல் சொன்ன பிறகுதான் அவன் வண்டி நிலையத்தை விட்டு நகரும். வீட்டிலும் அப்படித்தான் என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வார்கள். அவன் மறுத்ததில்லை.

இந்த வசந்தத்தில் நிலையத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழையது அனிபாவின் மேசைக்கு அடியில் கிடந்தது. குளிர்காலம் முழுக்க அவள் அதன்மேல்தான் கால்களை வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். கைபேசி நிரம்பும்போதெல்லாம் படங்களை அதில்தான் கொட்டி வைப்பாள். மேலாளர் தூக்கிப்போடச் சொன்னதும், "நான் கொண்டுபோறேன்" என்று உடனே கேட்டு வாங்கிவிட்டாள். கணவனின் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்காரவைத்து, அதற்கு இருக்கைப் பட்டையும் மாட்டிவிட்டாள்.

"இதை வச்சு என்ன பண்ணப்போற?" என்று கேட்டான் பெய்ஷென்.

"டிவிக்குக் கீழ வைக்கப்போறோம். பாட்டு, படம், நம்ம வீட்டு விசேஷம், எல்லாம் ஒரே இடத்துல. சபராலி வீட்ல வச்சிருக்கான் பாருங்க, அந்த மாதிரி." கொஞ்ச நேரம் கழித்து, "வடக்கத்தியார் வர்றாருல்ல" என்றாள்.

அதுதான் விஷயம். தெமிர்கான் இறந்தது தொற்றுநோய்க்காக எல்லைகள் மூடிக்கிடந்த ஆண்டில். விமானம் இல்லை. ஜோல்தோஷ் யாகூத்ஸ்கில் ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கைபேசி வழியாக அடக்கத்தைப் பார்த்தார். பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. மறுநாள் தம்பியை அழைத்து, "எனக்குக் காட்டாமலே அப்பாவை மண்ணுக்குள்ள வச்சிட்டீங்க" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்று அவருக்கும் தெரியும், பெய்ஷெனுக்கும் தெரியும். ஆனாலும் அது இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. பண்டிகைக்குப் பேசினால் உடம்பைப் பற்றி, பனியைப் பற்றி, இறைச்சி விலையைப் பற்றி. அவ்வளவுதான்.

இப்போது அவர் வருகிறார். பயணம் முடிவானதும் பெய்ஷென் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வாக்கு கொடுத்துவிட்டான். "வாங்கண்ணே. அப்பாவைக் காட்டுறேன். அவரே பேசுவாரு." பிறகு, "சரி" என்றார் அண்ணன்.

அந்த வாக்கு அனிபாவை நம்பிக் கொடுத்தது. கடைசி ஐந்தாறு வருடங்கள் மாமனாரைக் கைபேசியில் பிடித்துக்கொண்டே இருந்தவள் அவள்தான். அவர் குதிரைக்கு லாடம் பார்ப்பது, தொப்பியைத் தேடுவது, வானிலையைத் திட்டுவது, சும்மா உட்கார்ந்திருப்பது. பெய்ஷெனிடம் அப்பாவின் அசையும் படம் ஒன்றுகூட இல்லை. தினமும் பார்க்கிற ஆளை யார் படம் பிடிப்பார்கள்?

கணினியைத் திறந்தபோது உள்ளே இருந்த தூசியைத் தட்டி ஒரு தொப்பி செய்துவிடலாம் போலிருந்தது. டயருக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து பெய்ஷென் அதை ஊதி எடுத்தான். முற்றத்தில் நின்ற மாடு தும்மியது. சபராலி, அதாவது அதே நிலையத்தில் வண்டி ஓட்டும் இளையவன், தன்னிடம் உடைந்துகிடந்த கணினியிலிருந்து ஒரு நினைவகப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். தொலைக்காட்சியில் படம் வந்தது. ஓரங்கள் வெட்டுப்பட்டு, செய்தி வாசிப்பவருக்கு நெற்றியே இல்லாமல் வந்தது. அதைச் சரிசெய்தால் சத்தம் வரவில்லை. டிவிக்குப் போகும் வயரில் சத்தம் போகாதாம். அதற்குத் தனியாக ஒரு மெல்லிய வயர் வேண்டுமாம். அதையும் மாட்டினால் உள்ளே சுழலும் விசிறி, கணவாய் ஏறும் பழைய வேனைப் போல முக்கியது. அனிபா பழைய கம்பளம் ஒன்றிலிருந்து ஒரு துண்டு வெட்டி அடியில் விரித்தாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. மெத்தை விரிப்பில் மவுஸ் நகர மறுத்ததால் அதற்கு ஒரு தட்டு கொடுத்தாள்.

கடைசிக் கட்டம்தான் மிச்சம். பழைய நிரல்களை முழுக்கத் துடைத்துவிட்டு, சபராலி கொடுத்த புதியதைப் போட வேண்டும். அதைப் போட்டால் பொத்தானை அமுக்கியதும் தொலைக்காட்சி முழுக்கப் பெரிய எழுத்தில் படம், பாட்டு, குடும்பம் என்று வரும். தேடித் திணற வேண்டியதில்லை. துடைப்பதற்கு முன் உள்ளிருப்பதை எல்லாம் சபராலியின் கையடக்க வட்டில் எடுத்து வைக்க வேண்டும்.

வடக்கத்தியாரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கிளம்பும்போது, அனிபா வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்: "எல்லாத்தையும் எடுத்துட்டுத் துடைங்க. முக்கியமா அவரோடது." அவர் என்றால் மாமனார். பெய்ஷென் தலையாட்டினான். விருந்துக்கு ஆடு அறுக்க வேண்டியிருந்ததால் அவன் வீட்டில் இருந்தான். தவிர, விமான நிலையத்தில் அண்ணனை நேருக்கு நேர் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் ஆட்டுவேலை முடிந்ததும் உட்கார்ந்தான். நகலெடுத்தான். பாதியில் ஒரு பெட்டி எழும்பியது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே மூன்று பொத்தான். எதையோ நகலெடுக்க முடியவில்லை என்கிறது போல. எது வந்தாலும் நடுவில் இருப்பதை அமுக்குங்கள் என்று சபராலி சொல்லியிருந்தான். அமுக்கினான். பெட்டி மறைந்தது, வேலை தொடர்ந்தது. பிறகு கணினியைத் துடைத்தான். புதியது ஏறியது. தொலைக்காட்சியில் நீல நிறத்தில் பெரிய எழுத்துகள் வந்து நின்றபோது பெய்ஷென் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். படங்களைத் திருப்பிப் போட்டான். பாட்டுகளைப் போட்டான். மகன் கல்யாணத்தைப் போட்டான். எல்லாம் ஓடியது.

கடைசியாக அப்பாவைப் போடலாம் என்று வட்டில் தேடும் இடத்தில் தெமிர்கான் என்று எழுதினான்.

ஒன்றும் இல்லை.

அப்பா என்று எழுதினான். தாத்தா என்று எழுதினான். ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இது அனிபாவின் பெட்டி. வாயால் சொல்லாத பெயரை அவள் விரலால் மட்டும் எழுதியிருப்பாளா?

மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தான். நிலையத்தின் கோப்புகளும் வீட்டின் கோப்புகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. 'மழை வந்தா', 'பெரிய மூட்டை', 'டீ ஆறுது', 'போன வருஷத்துக் கோபம்', 'யாருக்கும் காட்டாதே'. கடைசியாகச் சொன்னதைத் திறந்தான். பல் கட்டிக்கொண்ட அன்று அனிபா வாயைத் திறந்து தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள். மூடிவிட்டான். 'போன வருஷத்துக் கோபம்' என்பது வண்டிகள் தாமதமான விவரம். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று கிணறு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வட்டு அழுதுகொண்டே திறந்தது.

அந்த நேரத்தில் சபராலி வந்து சேர்ந்தான். வட்டை வாங்கிப் போக வந்தவன். வழியில் பயணிகள் பார்க்க நாளைக்குப் புதுப் படங்கள் ஏற்ற வேண்டும். அதற்கு வட்டைக் காலியாக்க வேண்டும். "குடுங்கண்ணே, நானே இங்கயே துடைச்சிட்டு எடுத்துக்குறேன்" என்று கையை நீட்டினான்.

"தொடாதே" என்றான் பெய்ஷென். விஷயத்தைச் சொன்னான்.

சபராலி எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டான பூர்சோக்கில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கோப்புகளின் பெயர்களைப் படித்தான். "அண்ணே, இது அண்ணி பொட்டியா, உளவுத்துறை பொட்டியா?"

கையொட்டி என்று தேடிப் பார்க்கலாமே என்று அவன்தான் யோசனை சொன்னான். தேடினார்கள். ஒன்று வந்தது. இருவரும் முன்னால் குனிந்தார்கள். திறந்தது. தெமிர்-புலாக் போகும் வண்டிகளின் நேர அட்டவணை.

"நகல் எடுக்கும்போது எல்லாம் சரியாத்தானே போச்சு?" என்றான் சபராலி.

"நடுவுல ஒரு பொட்டி வந்துச்சு. நடுவுல இருக்கிறதை அமுக்கினேன். நீதானே சொன்னே."

சபராலி மெல்லுவதை நிறுத்தினான். நடுவில் இருந்த பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்று அவன் சொல்லவில்லை. பெய்ஷென் கேட்கவுமில்லை. 'விட்டுவிடு' என்றுதான் அது இருக்க வேண்டும். எதை விட்டோம்? கணினியைத் துடைத்தாகிவிட்டது. அங்கே திரும்பிப் போய் எடுக்க எதுவும் இல்லை.

கைபேசி ஒலித்தது. முதலில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. கைபேசியிலும் அனிபா அப்படித்தான்.

"கோச்கோர்ல சாப்பிட்டுக் கெளம்பிட்டோம். கணவாய் ஏறப்போறோம். அடுப்புல கறி இருக்கா?"

"இருக்கு. அனிபா, அப்பாவோடதை எந்தப் பேர்ல வச்சிருக்க?"

"ஏன், காணலியா?"

"இருக்கு, இருக்கு. சும்மாதான் கேக்குறேன்."

"நான் கூப்பிடுற பேர்லதான்."

"நீதான் அவரைக் கூப்பிடவே மாட்டியே."

"கூப்பிடாமலா தினமும் வந்து சாப்பிட்டாரு?" என்றாள் அவள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அவன் மேலே கேட்பதற்குள் கைபேசி கை மாறியது. அண்ணனின் குரல், கரகரப்பாக, நெருக்கமாக.

"பெய்ஷென். அப்பா தயாரா?"

"தயாருண்ணே."

"குரல் தெளிவாக் கேக்குதா?"

"கேக்குது."

பிறகு கணவாய் அவர்களை விழுங்கிவிட்டது. அந்த டோலோன் கணவாயில் கைபேசி வேலை செய்யாது. அவர்கள் அந்தப் பக்கம் இறங்கினால் நேராக வீட்டு வாசல்தான்.

பெய்ஷென் வெளியே வந்தான். முற்றத்தில் பனி உருகிச் சேறாகியிருந்தது. அண்ணனிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். முதல் தடவை காட்டாமல் மண்ணில் வைத்தோம்; இரண்டாவது தடவை நானே துடைத்துவிட்டேன். எப்படி அடுக்கினாலும் அதுதான் வந்தது.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பா பகலெல்லாம் இங்கேதான் இருப்பார், கடிவாளத்தையோ சேணத்தையோ தைத்துக்கொண்டு. கூப்பிடாமலா வந்தாரு? உண்மைதான். அனிபா கூப்பிட்டுத்தான் வருவார். எப்படிக் கூப்பிட்டாள்? இத்தனை வருடம் இதே முற்றத்தில் நின்றிருக்கிறான். காதில் விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளும் கவனித்ததில்லை. அப்பா என்று கூப்பிட்டாளா? நேரில் பேசும்போது சொல்வாள், உண்டு. தூரத்திலிருந்து அப்படிக் கத்திக் கூப்பிட மாட்டாள். அது மரியாதை இல்லை.

அவள் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தான். வீட்டு வாசல். இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். கொட்டகையைப் பார்க்க மாட்டாள். எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாதவள் மாதிரி, மலைக்குத் தகவல் சொல்கிறவள் மாதிரி குரல் கொடுப்பாள். கொட்டகைக்குள் இருமல் கேட்கும். அப்பா வெளியே வருவார். பெய்ஷெனும் முற்றத்தில் இருந்தால் அசைய மாட்டான். அது தனக்கு இல்லை என்று தெரியும். அவனுக்கான அழைப்பு வேறு: வர்றீங்களா இல்லையா?

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான்.

"டீ ஆறுது" என்றான்.

"ஆறட்டும்ண்ணே. இப்ப யாருக்கு டீ வேணும்?" என்றான் சபராலி.

"இல்லடா. பேரு. அப்பா பேரு அதுதான்."

சபராலி ஒரு கணம் அவனைக் கவலையோடு பார்த்தான். பிறகு புரிந்துகொண்டு வட்டின் பக்கம் திரும்பினான். நிலையத்துக் கேண்டீன் சமாசாரம் என்று நினைத்து இருவருமே தாண்டிப் போன பெயர். திறந்தான். வரிசையாக எண்கள், எண்கள், கீழே இறக்க இறக்க எண்கள். ஒன்றைத் தட்டினான். தொலைக்காட்சி கறுத்தது. விசிறி முக்கியது. பிறகு வெயில் வந்தது, கொட்டகைச் சுவர் வந்தது, சுவரில் சாய்ந்து ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் எட்டிப் பார்க்கும் தெமிர்கான் வந்தார்.

"இதுக்குள்ள எலி குடும்பம் நடத்துது" என்றார் கிழவர், முழு அறைக்கும் கேட்கும்படி.

பெய்ஷென் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. இருமல் வந்தது. சபராலி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தொடாதேன்னு நீங்க சொல்லலேன்னா நான் துடைச்சிருப்பேன்ண்ணே" என்று அவன் மெதுவாகச் சொன்னான். மூன்று தடவை சொன்னான். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் வட்டிலிருந்து கணினியில் ஏறி முடியும் வரை திரையில் பச்சைக் கோடு வளர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை எந்தப் பெட்டியும் எழும்பவில்லை. காலையில் நடுப் பொத்தான் எதை விட்டுவிட்டது என்று இன்றுவரை தெரியாது. யாரும் தேடவுமில்லை.

மாலை வெயிலில் கார் வந்து நின்றது. ஜோல்தோஷ் வாசலுக்கு வெகு முன்பே இறங்கிக்கொண்டார். அடக்கத்துக்கு வர முடியாமல் போனவர்கள் வருவது போலவே, உரக்க அழுதுகொண்டு நடந்து வந்தார். "என்னைப் பெத்தவரே, நான் வர்றதுக்குள்ள போயிட்டீங்களே." பெய்ஷென் வாசலில் நின்று அந்த அழுகையை வாங்கிக்கொண்டான். அவனும் அழுதான். அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே குர்ஆன் ஓதினார்கள். கை கழுவினார்கள். கறி வந்தது. அண்ணன் கொஞ்சம்தான் சாப்பிட்டார். கண் அடிக்கடி தொலைக்காட்சியின் பக்கம் போய்த் திரும்பியது.

பாத்திரம் எடுக்கும் சாக்கில் அனிபா கணவன் பக்கத்தில் குனிந்தாள். "கெடச்சுதா?"

"கூப்பிட்டேன்" என்றான் பெய்ஷென். "வந்துட்டாரு."

அவள் பாத்திரத்தோடு எழுந்து சமையல் பக்கம் போனாள். போகும்போது அவளுடைய தோள்கள் குலுங்கின. சிரிப்பா, வேறெதுவுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தட்டில் இருந்த மவுஸை பெய்ஷென் நகர்த்தினான். நீல எழுத்துகளில் 'டீ ஆறுது' வந்தது. அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். படம் ஓடத் தொடங்கியது. குதிரையின் காலைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார் தெமிர்கான். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"என்னை ஏம்மா எடுக்குற? என் மூஞ்சில என்ன இருக்கு, குதிரையை எடு. வடக்கே இருக்கிறவனுக்கு அனுப்பப்போறியா? அனுப்பு, அனுப்பு. குதிரைன்னா எப்படி இருக்கும்னே மறந்திருப்பான். அங்க மீனைத் தின்னு தின்னு அவன் உடம்புல செதில் மொளைச்சிருக்கும்."

ஜோல்தோஷின் வயிறு குலுங்கியது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கச் சிரித்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. தன் சட்டைக் கையை மேலே சுருட்டி, செதில் இருக்கிறதா என்று பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார். பிறகு வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தம்பியை நேராகப் பார்த்தார்.

"டேய் மூக்கொழுகி" என்றார். பெய்ஷெனை அந்தப் பெயர் சொல்லி யாரும் அழைத்து எத்தனையோ வருடமாகிறது. "தூங்கிட்டியா? சத்தத்தைக் கூட்டு."

பெய்ஷென் கூட்டினான். குளம்பைச் சீவும் சத்தம் அறையை நிறைத்தது. குதிரை மூச்சுவிட்டது. தெமிர்கான் வேலையை முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். கத்தியை மடக்கினார். இப்போது முகம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. நேராக அறைக்குள் பார்த்தார்.

நிறைந்த கெட்டிலோடு அப்போதுதான் உள்ளே வந்த அனிபா, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கெட்டிலைக் கீழே வைக்க நேரமில்லை. இடது கையால் தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் கையை முழங்காலில் ஊன்றி, புதிதாக வீட்டுக்கு வந்த மருமகள் செய்வது போல, திரையிலிருந்தவரை நோக்கித் தாழக் குனிந்தாள்.